நாலரை மணிப் பசிக்கு என்ன கொடுப்பது?

கேள்வி: நான் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். காலை எட்டுக்குக் கிளம்பினால் வீடு திரும்ப ஏழாகிவிடும். மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஆறு. மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். பள்ளி விட்டு வந்ததும் இருவருக்கும் டீயும் பிஸ்கட்டும், இல்லையென்றால் நூடுல்ஸ். இரவில் காயைத் தொடுவதே இல்லை. போன மாதம் மகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்ததில் ஹீமோகுளோபின் 10.2. டாக்டர் இரும்புச்சத்து டானிக் எழுதிக் கொடுத்திருக்கிறார். எங்கள் வீட்டில் முட்டை, கறி பழக்கமில்லை. பயறு கொடுத்தால் வாயு, குளிர்ச்சி என்கிறார் மாமியார். புரோட்டீன் பவுடர் வாங்கிவிடலாம் என்கிறார் கணவர். தனியாகச் சமைக்க எனக்கு நேரமே இல்லை. என்ன செய்யட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: சாப்பாட்டுப் பேச்சுக்கு முன்னால் டானிக்கைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ஐந்திலிருந்து பதினொரு வயதுவரை ஹீமோகுளோபின் 11.5-க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மகளுக்கு 10.2 என்றால் கீரையை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கும் அளவு அல்ல. டாக்டர் சொன்ன காலம் முழுக்க டானிக் கொடுங்கள். பாலோடும் டீயோடும் சேர்த்துக் கொடுக்காதீர்கள்; இரண்டுமே இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். குடல்புழு மருந்து தேவையா என்பதையும் அடுத்த முறை கேட்டுவிடுங்கள்.

இனி சாப்பாடு. உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு உறுத்தியது இரவுச் சாப்பாடு அல்ல, மாலை நாலரை மணி. பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கு அகோரப் பசி. அந்த நேரத்தில் எது கைக்கு எட்டுகிறதோ அதைத்தான் சாப்பிடும். நாலரைக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட் உள்ளே போனால் எட்டு மணிக்குப் பொரியலை எந்தப் பிள்ளை தொடும்? அதனால் காலை டிபனையும் மதிய டப்பாவையும் இப்போதைக்கு அப்படியே விடுங்கள். இந்த ஒரு வேளையை மட்டும் மாற்றுவோம். அதற்குத் தனிச் சமையல் வேண்டாம். இரவு படுக்கப் போகுமுன் ஒரு பயறை ஊறப்போட்டால் போதும்.

கறுப்புக் கொண்டைக்கடலையில் தொடங்குங்கள். நாலு பேருக்கு ஒரு டம்ளர் சரியாக இருக்கும். காலையில் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் விட்டு, உப்புப் போட்டுக் குக்கரில் ஐந்தாறு விசில். ஆறியதும் டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். வெயில் காலத்தில் வெளியே வைத்தால் மாலைக்குள் கெட்டுவிடும். வேகவைத்த தண்ணீரைக் கொட்ட வேண்டாம், ரசத்துக்கு ஆகும். மாலையில் மாமியார் தாளித்தால் போதும், பத்து நிமிட வேலை.

பிள்ளைகள் சுண்டலை ஒதுக்குவதற்குப் பெரும்பாலும் ருசி காரணமில்லை. கடலை அரைவேக்காடாக, வறவறவென்று இருக்கும். உப்பும் காரமும் தோலோடு நின்றுவிடும். விரலால் நசுக்கினால் மாவாக வேண்டும், அதுதான் பதம். தாளித்ததும் ஒரு கரண்டிக் கடலையை மட்டும் வாணலியிலேயே மசித்து, மீதியோடு புரட்டுங்கள். மசாலா எல்லாக் கடலையிலும் ஒட்டிக்கொள்ளும், தொண்டையை அடைக்காது. அடுப்பை அணைத்த பிறகு அரை எலுமிச்சம்பழம் பிழியுங்கள். சுண்டலுக்கு வாசனை தருவதோடு, தாவர உணவிலுள்ள இரும்பை உடம்பு இழுத்துக்கொள்ள வைட்டமின் சி உதவுகிறது. கொதிக்கவிட்டால் அது பாழாகிவிடும். எலுமிச்சை பிடிக்காத பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு கொய்யாத் துண்டோ, உப்புத் தொட்ட நெல்லிக்காயோ கொடுங்கள்.

அந்த டீயை மட்டும் எப்படியாவது நிறுத்துங்கள். நிறுத்த முடியாவிட்டால் ஒரு மணி நேரமாவது தள்ளிப்போடுங்கள். டீயிலுள்ள டானின், கடலையிலிருந்து கிடைக்கும் கொஞ்ச இரும்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும். டிபன் முடித்த கையோடு நீங்கள் டீ குடிப்பவராக இருந்தால் உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பெண்களுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்கிறது ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். ஆண்களுக்கு 19 போதும்.

மாமியார் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். பயறு வாயு உண்டாக்குவது உண்மைதான். அதற்குத்தான் ஊறிய தண்ணீரைக் கொட்டுவதும், பெருங்காயமும் இஞ்சியும் போடுவதும். முதல் வாரம் ஆளுக்கு ஒரு கைப்பிடியோடு நிறுத்துங்கள், வயிறு பழகிக்கொள்ளும். குளிர்ச்சி என்று அவர் பயந்தால் வாதம் வேண்டாம். "அத்தை, நீங்க இஞ்சியும் மிளகும் தட்டிப்போட்டு ஒரு பச்சைப்பயறு கடைசல் பண்ணிக் குடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். கொங்குச் சமையலில் கொள்ளு, தட்டைப்பயறு, அரிசிம்பருப்பு சாதம் என்று அவருக்குத் தெரிந்ததில் பாதி நமக்குத் தெரியாது. முளைகட்டிய பயறு நல்லதுதான். ஆனால் பிள்ளைகளுக்குப் பச்சையாகக் கொடுக்காதீர்கள். ஈரத்தில் கிருமியும் சேர்ந்து வளரும். ஆவியில் வேகவைத்துக் கொடுங்கள்.

தினமும் சுண்டல் என்றால் மூன்றாம் நாளே முகம் சுளிப்பார்கள். இடையில் அடை வரட்டும். இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு துவரை, கடலை, பாசிப்பருப்புக் கலவை, நாலு வரமிளகாய், சோம்பு. புளிக்கவைக்கத் தேவையில்லை. காலையில் கொரகொரப்பாக அரைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால், மாலையில் ஒரு பிடி முருங்கைக்கீரை உதிர்த்துப்போட்டுச் சூடாக ஊற்றலாம். கீரை பச்சையாகத் தெரியட்டும். ஒளித்துவைத்து ஊட்டினால் பிள்ளைக்குக் கீரை என்றைக்கும் பழகாது.

ராகியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ரத்தம் ஊறும் என்று அதைக் கொடுப்பவர்கள் அதிகம். அதன் பெருமை கால்சியத்தில்தான்: 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம், பாலைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. வளர்கிற பெண்ணுக்கு எலும்புக்காகக் கொடுங்கள். கடலைமிட்டாய், எள்ளுருண்டை நல்ல தின்பண்டங்கள், ஆனால் வெல்லமும் சர்க்கரைதான். ஒன்றோடு நிறுத்தி வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.

இரவுக் காய்க்கு ஒரு சின்ன வழி. தோசை சுடும் நேரத்தில், "பசிக்குது" என்று சமையலறை வாசலில் வந்து நிற்பார்களே, அப்போது வெள்ளரியும் கேரட்டும் விரல் நீளத்துக்கு நறுக்கிய தட்டு ஒன்று வெளியே இருக்கட்டும். கூப்பிட்டுக் கொடுக்க வேண்டாம்.

புரோட்டீன் பவுடருக்கு வருகிறேன். பத்து வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 33 கிராம் புரதம் போதும். ஒரு டம்ளர் பாலில் ஆறு, ஒரு கிண்ணம் சுண்டலில் ஐந்தாறு, மதியம் ஒரு கரண்டி கெட்டிப் பருப்பில் ஐந்து கிராம் வந்துவிடும். மீதியை இட்லி, சாதம், தயிர் பார்த்துக்கொள்ளும். அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்ற புரதக் கூறைப் பருப்பும், பருப்பில் குறைவாக உள்ளதை அரிசியும் ஈடுகட்டிவிடுகின்றன. பவுடர் டப்பா கடையில் கைக்கு வந்தால், பின்பக்கத்துப் பட்டியலைக் கணவரைப் படிக்கச் சொல்லுங்கள். எடை அதிகமுள்ள பொருள்தான் முதலில் இருக்கும். சர்க்கரை எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்று பார்க்கட்டும். பாலும் தயிரும் மட்டும் குறையக்கூடாது. வைட்டமின் பி12 பயறிலோ கீரையிலோ கிடையாது, உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாலும் தயிரும்தான் வழி.

பவுடர் வாங்கத் தயாராக இருக்கும் கணவரிடமே இரவில் பயறு ஊறப்போடும் வேலையையும் கொடுத்துவிடுங்கள். ஒரு டம்ளர் பயறு, மூன்று டம்ளர் தண்ணீர், ஒரு மூடி. அவ்வளவுதான்.