டிரோன் லைசென்ஸுக்கு இடைத்தரகர் எதற்கு?

கேள்வி: பாலக்கோடு அருகே ஒரு கிராமத்தைச் சேர்ந்தவன் நான். வயது 24, டிப்ளமோ முடித்திருக்கிறேன். மருந்து தெளிக்கும் டிரோன் ஓட்டும் தொழிலில் இறங்க ஆசை. தெரிந்தவர் ஒருவர் பயிற்சி, லைசென்ஸ், மானியத்தில் டிரோன் எல்லாவற்றையும் முடித்துத் தருவதாகச் சொல்லி 75,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார். என் பத்தாம் வகுப்பு அசல் மதிப்பெண் சான்றிதழையும் வாங்கி வைத்திருக்கிறார். அம்மாவின் மகளிர் குழு பெயரில் எடுத்தால் மானியம் அதிகம் என்கிறார். அதுவரை பெங்களூரில் பழைய கேமரா டிரோன் ஒன்றை வாங்கிக் கல்யாணங்களில் படம் எடுக்கலாம், 2 கிலோவுக்குக் குறைவானதால் லைசென்ஸ் வேண்டாம் என்கிறார். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம், தம்பி. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டீர்களே, அது நல்லது. இன்றைக்கே போய் மதிப்பெண் சான்றிதழைத் திரும்ப வாங்குங்கள். பயிற்சியில் சேர நகல் கொடுத்து, அசலைக் காட்டிவிட்டுக் கையோடு எடுத்துவர வேண்டியதுதான். அசலைப் பிடித்து வைப்பவர் உங்களையும் பிடித்து வைக்கிறார் என்று பொருள். தர மறுத்தால் காவல் நிலையத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த வேலையில் இடைத்தரகருக்கு இடமே கிடையாது. 2021 ஆகஸ்டில் வந்த டிரோன் விதிகளின்படி, 18 முதல் 65 வயதுக்குள் இருக்கும், பத்தாம் வகுப்புத் தேறிய எவரும் டிரோன் பைலட் ஆகலாம். டிஜிசிஏ எனப்படும் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த பயிற்சி நிறுவனத்தில் பயின்று தேர்வில் தேற வேண்டும். தேறியவர்களுக்கு அந்த நிறுவனமே அரசு இணையதளத்தின் வழியாகப் பைலட் சான்றிதழ் வழங்கும். லைசென்ஸ் என்று சொல்வது இதைத்தான். அரசுக் கட்டணம் 100 ரூபாய், சான்றிதழ் பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். பயிற்சிக் கட்டணம் தனி. அதை நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்தி ரசீது பெறுங்கள். அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை அரசே வெளியிட்டிருக்கிறது. அதில் பெயர் இல்லாத மையம் எவ்வளவு பெரிய பலகை வைத்திருந்தாலும் அது கொடுப்பது வெறும் காகிதம். மூன்று நாள் வகுப்பு நடத்தி, தங்க நிற முத்திரை பதித்து, லேமினேட் செய்து கொடுக்கிறார்கள். அதை மடியில் வைத்துக்கொண்டு வேலை தேடும் பிள்ளைகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

பாஸ்போர்ட் இல்லையென்றால் தனியாகப் பணம் கேட்பது இன்னொரு வழக்கம். அந்தக் கட்டாயம் 2023 செப்டம்பரிலேயே நீங்கிவிட்டது. வாக்காளர் அட்டை, குடும்ப அட்டை, ஓட்டுநர் உரிமம் போன்றவை போதும்.

சேரும்போது மறக்காமல் கேட்க வேண்டியது, எந்த எடைப் பிரிவுக்கான பயிற்சி என்பது. 10 லிட்டர் தொட்டி உள்ள தெளிப்பு டிரோன், மருந்து நிரப்பிய நிலையில் 2 கிலோவைத் தாண்டி 25 கிலோவுக்குள் வரும் சிறிய பிரிவைச் சேர்ந்தது. கேமரா டிரோன் அளவிலான மைக்ரோ பிரிவில் மட்டும் பயிற்சி எடுத்துவிட்டு வந்தால் தக்காளித் தோட்டத்தில் வேலைக்கு ஆகாது.

இனி அந்த 2 கிலோ கதை. இதில் ஏமாறுபவர்கள் ஏராளம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரையிலான டிரோனுக்கு விதிகளில் ஒரு விலக்கு உண்டு. ஆனால் அது வணிக நோக்கம் இல்லாமல் பறக்க விடுபவருக்கு மட்டும். உங்கள் தங்கை கல்யாணத்தை ஆசைக்குப் படம் எடுத்தால் பைலட் சான்றிதழ் தேவையில்லை. பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குப் பணம் வாங்கிக்கொண்டு போனால் அதே டிரோனுக்குச் சான்றிதழ் வேண்டும். பணமாக வாங்காமல் மொய்க் கணக்கில் கழித்தாலும், மண்டபத்துக்காரர் மொத்தத் தொகையில் சேர்த்துக் கொடுத்தாலும், புகைப்படக்காரர் உங்களை உதவியாளர் என்று எழுதிக்கொண்டாலும் அது வணிகம்தான். அந்த விலக்கும் பைலட்டுக்குத்தான், டிரோனுக்கு அல்ல. டிரோனை அரசு இணையதளத்தில் பதிவு செய்து தனி அடையாள எண் பெற்றிருக்க வேண்டும். பழைய டிரோன் வாங்கினால் அந்த எண்ணும் உங்கள் பெயருக்கு மாற வேண்டும். வெளிநாட்டு டிரோன் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரியிலேயே தடை வந்துவிட்டது. எண் இல்லாமல் கைமாறும் வெளிநாட்டு கேமரா டிரோன் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் அதுதான். பிடிபட்டால் அபராதம் 1 லட்சம் ரூபாய் வரை போகலாம், டிரோனும் போய்விடும். விற்றவர் பெங்களூரில் இருப்பார், காவல் நிலையத்தில் நிற்பது நீங்கள்.

மானியத்துக்கு வருவோம். வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 50 விழுக்காடு, அதிகபட்சம் 5 லட்சம். மற்ற விவசாயிகளுக்கு 40 விழுக்காடு, 4 லட்சம் வரை. உங்கள் பகுதி வேளாண்மைப் பொறியியல் துறை உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் விசாரியுங்கள். நிதி இருக்கிறதா என்பதை அவர்கள்தான் சொல்ல முடியும்.

மகளிர் குழுக்களுக்கு 2023 நவம்பரில் ஒப்புதல் பெற்ற மத்திய அரசுத் திட்டம் தனி. அதில் 80 விழுக்காடு, 8 லட்சம் வரை மானியம். அதனால்தான் உங்கள் அம்மாவின் குழுமீது அந்த மனிதருக்குக் கண். ஆனால் அந்தத் திட்டத்தில் டிரோன் குழுவுக்குச் சொந்தம், பைலட் பயிற்சி குழு உறுப்பினரான பெண்ணுக்கு. குடும்பத்தில் ஒருவர் உதவியாளராகப் பயிற்சி பெறலாம். அந்த இடம் உங்களுக்குப் பொருந்தினால் மகிழ்ச்சி. குழுவின் பெயரில் வாங்கி உங்கள் கையில் கொடுப்பதாகச் சொன்னால் அது பெண்களின் சொத்தைப் பறிப்பது. மீதித் தொகைக்குக் கடன் வாங்கினால் அதைக் கட்ட வேண்டியவர்களும் அவர்கள்தாம். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989இல் முளைத்ததே தருமபுரி மாவட்டத்தில்தான். அந்த ஊர்ப் பெண்களின் கையெழுத்தை ஒரு தரகர் வாங்கிப் போக விடலாமா?

இவர்களுக்குப் பிழைப்பு ஓடுவதற்கு அரசின் நடைமுறையும் காரணம். விவசாயிக்கான தொழில் என்று மேடையில் பேசுகிறார்கள், விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருக்கிறது. டிஜிட்டல் ஸ்கை என்று ஒரு தளத்தைப் பழகினால் வேலைகள் இ-ஜிசிஏ என்ற இன்னொரு தளத்துக்குப் போகின்றன. அஞ்செட்டியிலிருந்து வரும் பையனுக்கு இதைத் தமிழில் சொல்ல ஓர் அலுவலர் மாவட்டத்துக்கு ஒருவர் இருந்தால் பாதித் தரகர்கள் கடையைக் கட்டிவிடுவார்கள். எத்தனை ஆண்டுகளாகக் கேட்பது?

சான்றிதழ் கிடைத்த பிறகு உடனே கடன் வாங்கி டிரோன் எடுக்காதீர்கள். ஏற்கெனவே டிரோன் வைத்திருக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்திலோ வாடகை மையத்திலோ ஒரு பருவம் ஓட்டுங்கள். ஒருமுறை பறந்தால் பேட்டரி பத்து நிமிடம் அளவில்தான் தாங்கும். எத்தனை பேட்டரி வேண்டும், வயலில் சார்ஜ் செய்ய ஜெனரேட்டர் வேண்டுமா என்பதெல்லாம் அங்கே கணக்காகத் தெரிந்துவிடும். பறக்கும் முன் அரசின் வான்வெளி வரைபடத்தைப் பாருங்கள். பச்சைப் பகுதியில் பொதுவாக 400 அடி வரை தனி அனுமதி வேண்டாம். ஓசூர்ப் பக்கம் பேலகொண்டப்பள்ளியில் விமான ஓடுதளம் இருப்பதால் அங்கே பார்க்காமல் எழுப்பவே கூடாது. தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் காட்டோர நிலங்களில் வனத்துறையிடம் கேட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும்விடத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நான் அஞ்சுவது மல்பெரித் தோட்டங்களை. தக்காளிக்குத் தெளிக்கும் பூச்சிமருந்து காற்றில் நகர்ந்து பக்கத்து மல்பெரி இலையில் படிந்தால், அந்த இலையைத் தின்ற பட்டுப்புழு செத்துவிடும். ஒரு குடும்பத்தின் பட்டுக்கூடு வருமானம் அதோடு போய்விடும். டிரோனின் துளிகள் மிக நுண்ணியவை என்பதால் கைத்தெளிப்பானைவிட எளிதாக நகரும். ஆகவே முதல் நாளே சுற்றியுள்ள நிலத்துக்காரர்களிடம் எந்த மருந்து, எந்த நேரம் என்று சொல்லிவிடுங்கள். காலையில் காற்று அடங்கியிருக்கும்போது தாழ்வாகப் பறந்து தெளியுங்கள். மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம், மருந்து நகர்ந்து விளையும் சேதத்துக்கு அது பொருந்துமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். காற்று மல்பெரிப் பக்கம் வீசினால், நிலத்துக்காரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் அன்றைக்கு டிரோனை எழுப்பாதீர்கள்.