தடுப்பூசிக்குப் பின் பிளேட்லெட் குறைந்தால்: நீலகிரியிலிருந்து சில கேள்விகள்

கோத்தகிரி: பத்து மாதப் பெண் குழந்தை. தட்டம்மை-ருபெல்லா ஊசி போட்டுப் பதினைந்து நாள் ஆகிறது. காலெல்லாம் சிவப்புப் புள்ளி, பிளேட்லெட் 14,000. காய்ச்சல் இல்லை, நன்றாக விளையாடுகிறாள். உடனே கோவைக்கு இறங்கணுமா டாக்டர்?

கண்ணாடி டம்ளரைப் புள்ளியின் மேல் வைத்து அழுத்துங்கள். மறையாவிட்டால் அது தோலுக்கடியில் கசிந்த ரத்தம். 14,000 என்ற எண்ணும் பெரும்பாலும் உண்மைதான். புள்ளியே இல்லாமல் இப்படி ஒரு எண் வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். ரத்தம் எடுக்கும் ஊதா மூடிக் குழாயிலுள்ள மருந்தால் சிலருக்குத் தட்டணுக்கள் (பிளேட்லெட்) ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மெஷின் குறைத்து எண்ணிவிடும். அவர்களுக்கு நீல மூடி சிட்ரேட் குழாயில் மறுபடி எடுத்து, வரும் எண்ணை 1.1-ஆல் பெருக்க வேண்டும்.

எப்படியானாலும் ஸ்மியர் (ரத்தத் துளியைக் கண்ணாடியில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது) கட்டாயம். ஹீமோகுளோபினும் வெள்ளை அணுக்களும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்காமல் ஸ்டீராய்டு தொடங்கக் கூடாது. ரத்தப் புற்றுநோய் இருந்தால் ஸ்டீராய்டு அதைக் கொஞ்ச நாள் மறைத்துவிடும்.

மற்றதெல்லாம் சரியாக இருந்து, தோலில் மட்டும் புள்ளி என்றால், 14,000 ஆனாலும் குழந்தைகளுக்கு மருந்தில்லாமல் கவனித்துக்கொண்டிருப்பதே வழக்கம். பெரும்பாலோருக்கு ஆறு மாதத்துக்குள் தானாக ஏறிவிடும். மூக்கிலோ ஈறிலோ ரத்தம் நிற்காமல் வந்தால்தான் மருந்து: ப்ரெட்னிசலோன் (ஸ்டீராய்டு) தினமும் கிலோவுக்கு 2–4 மி.கி. வீதம் 5 முதல் 7 நாள், அல்லது இம்யூனோகுளோபுலின் (பிறர் ரத்தத்திலிருந்து எடுத்த எதிரணு மருந்து) கிலோவுக்கு 0.8–1 கிராம் ஒரே தடவை. வாய்க்குள் ரத்தக் கொப்புளம், ஓயாத வாந்தி, மயக்கம், தலையில் அடி, இவற்றில் எது வந்தாலும் யோசிக்காமல் 108.

மலையில் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஐப்பசி மழையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் அவசரத்துக்கு இறங்க முடியாது. எட்டாத ஊரில் வீடு இருந்தால், எண் தேறும்வரை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தங்குவது நல்லது.

கோத்தகிரி, மறுபடி: அப்போ ஊசியாலதானே வந்தது? இரண்டாவது டோஸ் போடலாமா?

ஊசியாலும் இருக்கலாம். இந்த வகைத் தடுப்பூசியில் சுமார் 30,000–40,000 டோஸுக்கு ஒருவருக்கு இப்படி வருகிறது, பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள். உடல் உருவாக்கும் எதிரணு (ஆன்டிபாடி) தன் சொந்தத் தட்டணுவிலேயே ஒட்டிக்கொள்ள, மண்ணீரல் அதை அழித்துவிடுகிறது. ஆனால் தட்டம்மையும் ருபெல்லாவும் நோயாகவே வந்தால் இதே கோளாறு இன்னும் அதிகமாக வரும். அதனால் ஊசியைத் தவிர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எண் தேறியபின் 16–24 மாதத்தில் இரண்டாவது டோஸ் போடலாம். இம்யூனோகுளோபுலின் கிலோவுக்கு 1 கிராம் ஏற்றியிருந்தால் மட்டும் பத்து மாதம் பொறுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊசி சரியாக வேலை செய்யாமல் போகலாம். நடந்ததைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

குன்னூர்: 2021-ல் கோவிஷீல்டு போட்டேன். இப்போ பிளேட்லெட் 90,000. அதன் விளைவா சார்?

இல்லை. அந்த ஊசிக்குப் பின் மிக அரிதாக வந்த கோளாறு ஊசி போட்ட 4 முதல் 42 நாளுக்குள் தெரிந்துவிடும். அதன் போக்கும் வேறு. பி.எஃப்.4 என்ற புரதத்துக்கு எதிரான எதிரணு தட்டணுக்களைத் தூண்டிவிடுகிறது. எண்ணும் குறையும், மூளைச் சிரைகளிலும் வயிற்றுச் சிரைகளிலும் ரத்தமும் உறையும். கடும் தலைவலி, டி-டைமர் (ரத்தம் உறைவதைக் காட்டும் ரத்தச் சோதனை) மிக அதிகம், இவைதான் அடையாளம். அதற்கு ஹெப்பாரின் தவிர்த்த உறைவு தடுப்பு மருந்தும் இம்யூனோகுளோபுலினும் தருவார்கள். தட்டணு ஏற்றினால் எரிகிற தீயில் எண்ணெய்தான். உங்களுக்கு கல்லீரல், மண்ணீரல், பி12, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி., சாப்பிடும் மாத்திரைகள், மதுப்பழக்கம் என்ற வரிசையில் பாருங்கள்.

கூடலூர், தோட்டத் தொழிலாளி: டி.டி. ஊசி போட்ட ஒரு வாரத்தில் காய்ச்சல், உடம்பு வலி. பிளேட்லெட் 60,000.

காய்ச்சலோடு எண் குறைந்தால் ஊசியைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள். தன்னெதிர்ப்பால் (சொந்த எதிரணுவே தட்டணுவைத் தாக்குவதால்) எண் குறைந்தவருக்குப் பொதுவாகக் காய்ச்சல் இருக்காது. புதரில் வேலை செய்பவருக்கு ஸ்க்ரப் டைஃபஸ் என்ற பூச்சிக்கடிக் காய்ச்சல் வரும். அக்குள், தொடையிடுக்கு, மார்பின் அடிப்பகுதி, இடுப்புக் கச்சை படும் இடம் எல்லாம் துணி விலக்கிப் பாருங்கள். சிகரெட்டால் சுட்டது போன்ற கருப்புப் பொருக்கு இருந்தால் அதுவேதான். வலிக்காததால் பலர் கவனிப்பதில்லை. பொருக்கு இல்லாவிட்டாலும் இல்லை என்று ஆகிவிடாது. டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. இரண்டு வேளை; டாக்டர் சந்தேகித்தால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமலே தொடங்கிவிடுவார். கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், மருந்து மாறும். டெங்குவுக்கும் ரத்தம் கொடுங்கள்.

ஊட்டி: எனக்கு ஐ.டி.பி. (தன்னெதிர்ப்பால் பிளேட்லெட் குறையும் நோய்) உண்டு, பிளேட்லெட் 25,000. குரங்கு கடித்துவிட்டது. வெறிநாய்க்கடி ஊசி போட்டால் இன்னும் குறையுமா?

எண்ணைப் பார்த்து இந்த ஊசியைத் தள்ளிப்போடவே கூடாது. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு இன்றே போங்கள். தசையில் போட்டால் மெல்லிய ஊசி, பிறகு தேய்க்காமல் இரண்டு நிமிடமாவது அழுத்தம். தோலுக்குள் போடும் முறையில் ரத்தக்கட்டு பயம் இன்னும் குறைவு. ஸ்டீராய்டு எடுப்பவரானால் அதை முதலில் சொல்லுங்கள், காயத்தில் போடும் சீரமும் ஊசி முறையும் அதைப் பொறுத்து முடிவாகும்.

குன்னூர்: பப்பாளி இலைச் சாறு?

எதிரணுவை அது நிறுத்தாது. வலிக்குப் பாரசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் ஊசி மூன்றும் வேண்டாம்.