ஆவணங்களை அழித்துவிட்டார்கள் என்றால், எம்கே அல்ட்ரா பற்றி இவ்வளவு விவரம் எப்படி வெளியே வந்தது? அந்த மூளைச்சலவை பலித்ததா?

எம்கே அல்ட்ரா என்பது மருந்தாலும் பிற வழிகளாலும் மனித மனத்தைக் கட்டுப்படுத்த முடியுமா என்று பார்க்க, அமெரிக்க உளவு நிறுவனம் சிஐஏ 1953இல் தொடங்கிய ரகசியத் திட்டம். அதன் விவரம் வெளியே வந்தது கணக்குப் பிரிவின் புண்ணியம். பலித்ததா என்பதைப் பிறகு பார்ப்போம்.

1973 ஜனவரியில், பதவியை விட்டுப் போகும் நேரத்தில், சிஐஏ இயக்குநர் ரிச்சர்ட் ஹெல்ம்ஸ் எம்கே அல்ட்ரா கோப்புகளை அழிக்கச் சொன்னார். திட்டத்தை நடத்திய வேதியியலாளர் சிட்னி காட்லீப்பின் பிரிவு அப்படியே செய்தது. 1975இல் உளவு நிறுவனங்களின் அத்துமீறல்களை செனட்டின் சர்ச் கமிட்டி (தலைவர் ஃப்ராங்க் சர்ச்சின் பெயரால் அழைக்கப்பட்டது) விசாரித்தபோது கையில் இருந்தது சில அறிக்கைகளும் சாட்சிகளின் நினைவும்தான். 1977இல் ஜான் மார்க்ஸ் என்பவர் தகவல் உரிமைச் சட்டத்தில் போட்டிருந்த மனுவுக்காகத் தேடியபோது, பழைய ஆவணக் கிடங்கில் ஏழு பெட்டிகள் அகப்பட்டன. ரகசியத் திட்டங்களின் பணக் காகிதங்கள் வழக்கமாக அந்தந்தப் பிரிவிலேயே, திட்டத்தின் பெயரிலேயே இருக்கும். இவற்றை மட்டும் பட்ஜெட் பிரிவு 1970இல் தன் சொந்தப் பழைய காகிதங்களோடு சேர்த்துக் கிடங்குக்கு அனுப்பியிருந்தது. அழித்தவர்களும் அங்கே பார்க்கவில்லை, 1975இல் தேடியவர்களும் பார்க்கவில்லை.

அதனால்தான் இந்த விஷயத்தில் நமக்குத் தெரிவது ஒருபக்கமாக இருக்கிறது. எந்தத் துணைத்திட்டத்துக்கு எவ்வளவு தொகை, எந்த அறக்கட்டளை வழியாக, எந்த ஆண்டில் என்பது துல்லியமாகத் தெரியும். மருந்தை விழுங்கியவர் யார், அவருக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்பது பெரும்பாலும் கிடையாது. பெட்டிகளில் தெரிந்த கணக்கு: 149 துணைத்திட்டங்கள், 185 வெளி ஆய்வாளர்கள், 80 நிறுவனங்கள். அந்த எண்பதில் கல்லூரி, பல்கலைக்கழகம் மட்டும் 44; சிறைச்சாலை 3.

பணம் போன வழியைப் பாருங்கள். 1953 ஏப்ரல் 13 அன்று அப்போதைய சிஐஏ இயக்குநர் ஆலன் டல்லஸ் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தபோது, சிஐஏ தொழில்நுட்பப் பிரிவின் ஆராய்ச்சி பட்ஜெட்டில் 6 சதவீதத்தை வழக்கமான ஒப்பந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கிவிட்டார். ஆனால் பல்கலைக்கழகத்துக்கு சிஐஏ பெயரில் காசோலை போக முடியாதே. நம் ஊர் பாஷையில் சொன்னால் பினாமி அறக்கட்டளைகள் தேவைப்பட்டன. கெஷிக்டர் நிதியம், மனிதச் சூழலியல் ஆய்வுச் சங்கம் இரண்டும் அப்படி உதவியவை. கெஷிக்டர் வழியாக வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக மருத்துவமனைக் கட்டடத்துக்கு 3,75,000 டாலர் போனது. அது தனியார் நன்கொடை என்று நம்பி, மத்திய அரசு மானிய விதிப்படி அதே அளவு தொகையை மேலே போட்டது. அரசாங்கம் தன்னையே ஏமாற்றிச் சமபங்கு வாங்கிய கணக்கு இது. ஜான் மல்ஹாலண்ட் என்ற மந்திர வித்தைக்காரருக்குக் கைஜாலக் கையேடு எழுத 3,000 டாலர் கொடுத்ததற்கும் பதிவு இருக்கிறது. எதிராளியின் கோப்பையில் மருந்தைப் போடுவதும் ஒரு கைவித்தைதானே.

மருந்து என்றால் முக்கியமாக எல்எஸ்டி, பிரமைகளை உண்டாக்கும் போதை மருந்து. நிறமில்லை, வாசனையில்லை, அளவோ மிகச் சிறிது. 1953 நவம்பர் 19 அன்று மேரிலாந்தின் டீப் க்ரீக் ஏரிக்கரையில் நடந்த கூட்டத்தில் ராணுவ விஞ்ஞானி ஃப்ராங்க் ஓல்சனின் மதுவில் கலந்தது ஏறக்குறைய 70 மைக்ரோகிராம். தூள் உப்பில் ஒரு மணியின் எடை அவ்வளவுதான் வரும். ஒரு கிராமில் பதினாலாயிரம் பேருக்குக் கொடுக்கலாம். குடித்த பிறகுதான் காட்லீப் விஷயத்தைச் சொன்னார். ஒன்பது நாள் கழித்து நியூயார்க் ஓட்டல் ஜன்னலிலிருந்து விழுந்து ஓல்சன் இறந்தார். அது தற்கொலையா, தள்ளிவிட்டதா என்ற சர்ச்சை இன்றும் ஓயவில்லை. குடும்பத்துக்கு உண்மையின் ஒரு பகுதி தெரிந்ததே 1975இல். மறு ஆண்டு 7,50,000 டாலர் இழப்பீடு.

இனி பலித்ததா என்ற கேள்வி. இல்லை. அதற்குக் காரணம் சோதனை முறையிலேயே இருந்தது. சான் ஃபிரான்சிஸ்கோ ரகசிய வீட்டில், விலைமாதர் அழைத்துவந்த ஆண்களின் பானத்தில் மருந்தைக் கலந்துவிட்டு, ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தவர் ஜார்ஜ் வைட், போதைத் தடுப்புத் துறை அதிகாரி. மருத்துவர் இல்லை. குடித்தவரின் உடல்நிலை முன்னால் எப்படி இருந்தது என்று தெரியாது, மருந்து கொடுக்காத ஒப்பீட்டுக் குழுவும் கிடையாது. சிலர் நாள்கணக்கில் நோயுற்றார்கள். ஒருவராவது மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவர் தேறிய பிறகு சந்தேகம் வராமல் நலம் விசாரிப்பதற்கு மேல் எதுவும் செய்ய முடியவில்லை. இதை ஆய்வு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கென்டக்கியின் லெக்சிங்டனில் மருத்துவர் ஹாரிஸ் இஸ்பெல் போதை அடிமைகளான கைதிகளுக்குத் தொடர்ந்து 77 நாள் வரை எல்எஸ்டி கொடுத்தார். கைதிகளுக்குக் கூலியும் போதைப்பொருளே. எல்எஸ்டியைத் தினமும் கொடுத்தால் சில நாளிலேயே உடம்பு பழகிவிடும். அவர் அளவை மூன்று, நான்கு மடங்காக ஏற்றிப் பார்த்தார். உண்மையைக் கக்கவைக்கும் மருந்தாகவும் அது உதவாது. மயக்கத்தில் பேசுபவர் உண்மையையும் பிரமையையும் ஒரே மூச்சில் சொல்வார், பிரித்தெடுக்க வழியில்லை.

மிகக் கொடுமையானது 68ஆம் துணைத்திட்டம். கனடாவின் மொன்ட்ரியாலில் ஆலன் மெமோரியல் மனநல மருத்துவமனையின் மருத்துவர் ஈவன் கேமரன் எழுதிய நிதி விண்ணப்பத்திலேயே படிகள் இருக்கின்றன: முதலில் கடுமையான மின் அதிர்ச்சியால் நோயாளியின் பழக்கவழக்கங்களைக் குலைப்பது, பின் ஒரே வாக்கியத்தை நாளுக்கு 16 மணி நேரம், ஆறேழு நாள் கேட்கவைப்பது, அந்த நாள்களில் புலன்களுக்கு வேறெதுவும் எட்டாதபடி ஓரளவு அடைத்துவைப்பது, முடிந்ததும் 7 முதல் 10 நாள் தூங்கவைத்து நடந்ததை மறக்கடிப்பது. இந்தப் படிகளில் அழிப்பது மட்டும் நடந்தது. மனச்சோர்வு, பதற்றம் என்று வந்தவர்கள் வீட்டாரை அடையாளம் தெரியாமல், சிறுநீரை அடக்கத் தெரியாமல் திரும்பினார்கள். அழித்த இடத்தில் புதிதாக எதையும் எழுத முடியவில்லை. 1988இல் சிஐஏ வழக்குத் தொடுத்த நோயாளிகளுக்கு மொத்தமாக 7,50,000 டாலர் தந்து முடித்துக்கொண்டது. 1992இல் கனடா அரசு 77 பேருக்குத் தலா ஒரு லட்சம் கனடிய டாலர் கொடுத்தது. கேட்டும் கிடைக்காதவர்கள் நிறைய.

ஆவணங்களை நீங்களே படிக்கப் போகிறீர்கள் என்றால் ஒன்று. பெயர்கள் மேல் கறுப்பு மை பூசியிருக்கும். ஆய்வாளர் பெயர்களை மறைக்க சிஐஏவுக்கு உரிமை உண்டு என்று 1985இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. பார்க்க வேண்டியது துணைத்திட்ட எண், தேதி, தொகை, யார் ஒப்புதல் கொடுத்தது என்பது. அசல் தாள்கள் பெரும்பாலும் தூக்கம் வரவழைக்கும் ரகம்: ரசீது, செலவுக் கணக்கு, மிச்சத் தொகையைத் திருப்பிய கடிதம். ஒரு சொல்லைக் கேட்டதும் கொலை செய்யக் கிளம்பும் ஆளை உருவாக்கிவிட்டோம் என்று பரபரப்பாக ஒரு தாள் உங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்தால், முதலில் அதில் வவுச்சர் எண் இருக்கிறதா என்று பாருங்கள்.