அந்த அரை எங்கிருந்து வந்தது என்று கேட்கிற பெண்ணுக்கு எதற்கு மூன்றாவது நீட்?

அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்தேன். இரண்டு முறை நீட் எழுதியும் அரசு இடம் கிடைக்கவில்லை. மகள் யாரோடும் பேசுவதில்லை. இன்னொரு முறை எழுதட்டும், இல்லாவிட்டால் நிலத்தை விற்றுத் தனியார் கல்லூரியில் சேர்க்கலாம் என்கிறார் தாய்மாமா. கவலைப்படாதீர்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்த நிலத்தை நினைத்தால் எனக்கே கவலையாக இருக்கிறது. விற்காதீர்கள்.

கடைசியில் ஒரு குறை சொல்லியிருந்தீர்கள். "குளோரின் அணு எடை 35.5 என்றால் அந்த அரை எங்கிருந்து வந்தது என்று கேட்டு உயிரை வாங்குகிறாள்." அம்மா, இவள் வேதியியல் படிக்க வேண்டியவள் என்று சொல்ல எனக்கு அந்த ஒரு வரி போதும்.

35.5 எடையுள்ள குளோரின் அணு உலகத்திலேயே இல்லை. 35, 37 என்று இரண்டு ஐசோடோப்புகள் (ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள அணுக்கள்) ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்றாகக் கலந்திருக்கின்றன, சராசரிதான் 35.5. 1919-ல் கேம்பிரிட்ஜில் ஆஸ்டன் என்ற விஞ்ஞானி கட்டிய கருவி இப்படிப்பட்டவற்றைப் பிரித்துக் காட்டியது. வெற்றிடத்தில் அயனிகளை, அதாவது மின்னூட்டம் ஏற்றிய அணுக்களை, ஓடவிட்டு மின்புலத்தாலும் காந்தப்புலத்தாலும் திருப்பினால், ஒரே மின்னூட்டத்தில் லேசானது அதிகம் வளையும், கனமானது குறைவாக வளையும். 1922-ல் அவருக்கு நோபல் கிடைத்தது.

அதன் வாரிசுதான் இன்றைய மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். பொருளில் உள்ள மூலக்கூறுகளை எடைவாரியாகப் பிரித்து வரைபடமாகக் காட்டும், ஒவ்வொரு எடைக்கும் ஒரு பீக் (முகடு). மூலக்கூறில் ஒரு குளோரின் இருந்தால், பெரிய பீக்குக்கு இரண்டு எண் தள்ளி மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இன்னொன்று நிற்கும். புரோமின் என்றால் கிட்டத்தட்ட சம உயரத்தில் இரட்டையர். தேனில் கரும்புப் பாகு கலந்தால் கார்பன்-13 (கார்பனின் கனமான ஐசோடோப்பு) விகிதம் காட்டிக்கொடுத்துவிடும். கரும்பு கார்பனைச் சேர்க்கும் விதமே வேறு. (அரிசிப் பாகு இதில் தப்பிவிடும். கலப்படக்காரர்களும் வேதியியல் படிக்கிறார்கள்!) 2018-ல் வால்சார்டன் என்ற ரத்தக்கொதிப்பு மாத்திரையில் என்டிஎம்ஏ என்ற நச்சு இருப்பது தெரிந்து பல நாடுகள் திரும்பப் பெற்றன. அந்த நுண்ணளவை அளக்க இந்தக் கருவிகள்தான் வேண்டும். மருந்து நிறுவனம், உணவுப் பரிசோதனைக் கூடம், தடய அறிவியல், ஊக்கமருந்துச் சோதனை என எல்லா இடத்திலும் அந்த பீக்குகளைப் படிக்க ஆள் வேண்டும்.

அரசு அல்லது உதவி பெறும் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் சேருங்கள். கடைசி ஆண்டில் ஜாம் (JAM) என்ற நுழைவுத் தேர்வில் நல்ல இடம் பிடித்தால் ஐஐடியில் எம்.எஸ்சி. படிக்கலாம். பி.எஸ்சி.யோடு நின்றால் சாம்பிள் தயாரிப்பதிலேயே காலம் போய்விடலாம், ஆரம்பச் சம்பளமும் குறைவுதான். அதையும் மறைக்காமல் அவளிடம் சொல்லுங்கள். முடிவு அவளுடையது, தாய்மாமாவுடையது அல்ல.

அப்புறம், சேரும் முன் அவளையே கூட்டிக்கொண்டு போய் ஆய்வகத்தைப் பாருங்கள். கருவிகளைத் துணி போட்டு மூடி வைத்திருந்தால் அடுத்த கல்லூரிக்குப் போங்கள்.