எலிக்கிட்டிக்குத் தூண்டில் நரம்பு போதுமா, கட்டுக்கம்பி வேண்டுமா?

இரண்டும் வேண்டாம். (எலிக்கிட்டி என்றால் வயலில் வைக்கும் மூங்கில் வில் பொறி.) நீங்கள் கேட்டிருப்பதைப் பார்த்தால் சம்பா நட்டிருக்கிறீர்கள், எலி வெட்டத் தொடங்கிவிட்டது, கிட்டிக்காரருக்கு எலிக்கு இவ்வளவு என்று கொடுப்பதற்கு நாமே செய்து வைக்கலாம் என்று தோன்றியிருக்கிறது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

மன்னார்குடிப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர். நாலு வருஷத்துக்கு முன்னால், பயிர் தொண்டைக்கதிரில் (கதிர் வெளியே வரும் முன்) இருந்தபோது மூங்கில் பிளந்து முப்பது கிட்டி கட்டினேன். வில்லுக்கு நாணாக ஒற்றை இழைத் தூண்டில் நரம்பு. வெயிலில் சுண்டிப் பார்த்தால் விண்ணென்று இருந்தது. சாயங்காலம் பொரி வைத்து வரப்பில் வரிசையாக நிறுத்திவிட்டு வந்தேன். விடியற்காலை போனால் பாதிக்கு மேல் விழுந்து கிடக்கின்றன, எலி இல்லை. ஒன்றில் மட்டும் இடுப்பில் மாட்டி உயிரோடு துடித்துக்கொண்டிருந்தது. கிட்டி கழுத்தில் வேகமாக அடித்தால் அப்போதே முடிந்துவிடும். இது ராத்திரி முழுக்க வதைபட்டிருக்கிறது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் ஊர் கிட்டிக்காரப் பெரியவர் நாணைத் தொட்டுப் பார்த்ததுமே சொன்னார்: "தம்பி, நைலான் பனியில நனைஞ்சா நீளும். நாண் தொய்ஞ்சா வில்லுக்கு ஏது வேகம்?" அதோடு ஒற்றை நரம்பில் முடிச்சு வழுக்கும். வலை பின்னும் முறுக்கு நூலை வாங்கி, ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, செங்கல் கட்டித் தொங்கவிட்டு, ஈரத்தோடேயே நாண் கட்டச் சொன்னார். அப்படிச் செய்த முதல் ராத்திரியே பதினோரு எலி. எல்லாம் கழுத்தில்.

கட்டுக்கம்பி சென்ட்ரிங் வேலைக்கானது. முறுக்கினால் முறுக்கியபடி நிற்கும், நாலு தடவை மடக்கினால் ஒடியும். கிட்டியோடு எலி வளையின் வாயில் கம்பிச் சுருக்கும் வைப்போம், அது வழுக்கிக்கொண்டு இறுக வேண்டும். அதற்குப் பழைய சைக்கிள் பிரேக் ஒயரைப் பிரித்து, இரண்டு மூன்று இழையைச் சேர்த்து முறுக்குங்கள்.

எலியைக் கொல்வது பாவம் என்று சிலர் சொல்வார்கள். நான் ஆந்தை உட்காரக் குச்சியும் நட்டிருக்கிறேன், எலி வளை தோண்டாதபடி வரப்பையும் ஒடுக்கியிருக்கிறேன். அதையும் மீறி வருவதற்குத்தான் கிட்டி. முயலுக்கும் பன்றிக்கும் சுருக்கு வைக்க நான் சொல்லவில்லை, 1972 வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம். கம்பியில் கரண்ட் கொடுக்கும் யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். பக்கத்து ஊரில் எலிக்குப் போட்ட கம்பியை மிதித்து, ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போனவர் வீடு திரும்பவில்லை. அவருக்குப் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள்.

  

சரி, இன்னொன்று. சுருக்கை விடிந்ததும் எடுத்துவிடுங்கள். நான் ஒன்றை மறந்து விட்டதில், எலி தேடி வளைக்குள் போன சாரைப்பாம்பு மாட்டிச் செத்துக் கிடந்தது. அதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் நம்பர் எழுதி, எண்ணி வைத்து எண்ணி எடுக்கிறேன்.