யார் பக்கத்தில் யார்? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பள்ளிக்கூடத்தைப் பற்றியவையே அதிகம். அவற்றுள் வகுப்பறையில் நிலவும் வேற்றுமை உணர்வைப் பற்றிய ஐந்து கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கடிதம் எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களை விட்டிருக்கிறேன்.

கேள்வி: நான் ஒன்பதாம் வகுப்பின் வகுப்பாசிரியை. மாணவர்கள் சாதிவாரியாகப் பெஞ்சு பிரித்து உட்காருகிறார்கள். கையில் கட்டியிருந்த வண்ணக் கயிறுகளை அவிழ்க்கச் சொன்னேன்; அவிழ்த்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, மாலையில் வாசலைத் தாண்டியதும் மறுபடி கட்டிக்கொள்கிறார்கள். சமத்துவத்தைப் பற்றிப் பாடம் நடத்தினால் அமைதியாகக் கேட்கிறார்கள், தேர்விலும் அழகாக எழுதுகிறார்கள். ஆனால் எதுவும் மாறவில்லை. இதற்கு மேல் எப்படித்தான் சொல்லிக்கொடுப்பது?
– அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியை, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: தேர்வில் அழகாக எழுதுகிறார்கள் என்று நீங்கள் குறிப்பிட்ட இடத்திலேயே விடையின் பாதி இருக்கிறது. தீண்டாமை ஒரு பாவச்செயல், தீண்டாமை ஒரு பெருங்குற்றம், தீண்டாமை மனிதத்தன்மையற்ற செயல் என்ற மூன்று வரிகளை நம் பாடநூல்களின் முதல் பக்கங்களில் படித்துத்தான் நாம் எல்லோரும் வளர்ந்தோம். அவற்றை மனப்பாடமாக ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளைகள்தாம் கயிறும் கட்டுகிறார்கள். அவர்களுக்குத் தெரியாத ஒன்றை நீங்கள் சொல்லப்போவதில்லை. ஆகவே சொல்லும் முறையை மேலும் மெருகேற்றுவதால் பெரிய பயன் விளையாது என்பது என் கருத்து.

உங்கள் மாவட்டத்திலேயே இதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1920களில் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலம் தமிழும் நாட்டுப்பற்றும் கற்பிப்பதையே நோக்கமாகக் கொண்டிருந்தது. அங்கே என்னென்ன பாடங்கள் நடந்தன என்று இன்று யாரும் நினைவு வைத்திருக்கவில்லை. பிராமண மாணவர்களுக்குத் தனியே சாப்பாடு போட்டார்கள் என்பது மட்டும் நூறாண்டு கழித்தும் மறக்கவில்லை. பாடத்தில் சொன்னதும் பந்தியில் செய்ததும் முரண்பட்டபோது பிள்ளைகளும் பெற்றோரும் பந்தியைத்தான் நம்பினார்கள்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒரு குழுவை அமைத்தது; குழு 2024 ஜூனில் தன் அறிக்கையை அளித்தது. கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம் ஆகியவற்றைத் தடைசெய்வதைப் பற்றியே அப்போது அதிகம் விவாதித்தார்கள். எனக்கோ அதிகம் விவாதிக்கப்படாத ஒரு பரிந்துரைதான் முக்கியமாகப் பட்டது: மாணவர்களைப் பெயரின் அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்பது அது. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடும் மாநிலங்களில் அகரவரிசையே சாதிவரிசையாகிவிடக்கூடும். அந்தப் பட்டத்தை உதறிய நம் ஊரில் அது உண்மையிலேயே கலந்து உட்கார வைக்கும். நாளைக் காலையே நீங்கள் இதைச் செய்யலாம். ஏன் என்று மாணவர்கள் கேட்டால், வருகைப் பதிவேட்டின் வரிசை என்று சொன்னால் போதும், சமத்துவத்தைப் பற்றிச் சொற்பொழிவு வேண்டாம்.

ஆனால் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் மனம் இளகிவிடாது. பேருந்தில் தினமும்தான் பக்கத்தில் உட்காருகிறோம். அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இலேயே இதைத் தெளிவாக எழுதினார்: பழகுகிறவர்கள் அந்த இடத்தில் சம நிலையில் இருக்க வேண்டும், அவர்களுக்குப் பொதுவான இலக்கு ஒன்று இருக்க வேண்டும், அதை அடைய ஒருவருக்கு ஒருவர் துணை தேவைப்பட வேண்டும், மேலே இருப்பவர்கள் அந்தப் பழக்கத்தை ஆதரிக்க வேண்டும். 1971இல் டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில், அதுவரை தனித்தனிப் பள்ளிகளில் படித்த வெள்ளையர், கறுப்பர், மெக்சிகோ வழியினர் வீட்டுப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் சேர்த்தபோது பள்ளிகளில் கைகலப்பு மூண்டது. உளவியலாளர் எலியட் ஆரன்சனும் அவருடைய மாணவர்களும் வகுப்புகளில் போய் உட்கார்ந்து கவனித்தார்கள். ஆசிரியர் கேள்வி கேட்கிறார், பத்துக் கைகள் உயர்கின்றன, ஒருவன் தவறாகச் சொல்கிறான், மற்ற ஒன்பது பேரும் மகிழ்கிறார்கள். பிறர் தோல்வியில்தான் தன் வெற்றி என்ற பழக்கம் பகைக்குத் தூபம் போடுவதைக் கண்டார்கள். அதற்கு மாற்றாக அவர்கள் அமைத்ததுதான் ஜிக்சா வகுப்பறை.

நாற்பது பேர் வகுப்பு என்றால் ஐந்து பேர் கொண்ட எட்டுக் குழுக்களாகப் பிரியுங்கள். பிரிப்பது நீங்களாகவே இருக்க வேண்டும், அவர்கள் விருப்பத்துக்கு விடக் கூடாது. பாடத்தை ஐந்து துண்டாக்கி, குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டை மட்டும் கொடுங்கள். ஒரே துண்டைப் பெற்ற எட்டுப் பேரும் முதலில் ஒன்றாகக் கூடிப் படித்துத் தெளிவடையட்டும். பிறகு தம் குழுவுக்குத் திரும்பி மற்ற நால்வருக்கும் கற்பிக்கட்டும். கடைசியில் முழுப் பாடத்துக்கும் தேர்வு வைத்து, மதிப்பெண்ணைத் தனித்தனியே கொடுங்கள். பக்கத்துப் பையன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்காவிட்டால் தனக்கு மதிப்பெண் இல்லை என்ற நிலை வரும்போது, அவன் என்ன சாதி என்பது அந்த நாற்பது நிமிடங்களுக்காவது இரண்டாம்பட்சமாகும். ஒருநாள் செய்துவிட்டு விட்டால் பயனில்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாகச் சில வாரங்கள் தொடர வேண்டும். முதல் வாரம் கூச்சலாகத்தான் இருக்கும், பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து எட்டிப் பார்ப்பார்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2017இல் பொருளியலாளர் மேட் லோ உத்தரப் பிரதேசத்தில் வெவ்வேறு சாதி இளைஞர்களைக் கொண்டு கிரிக்கெட் ஆட்டங்களை நடத்தி ஆராய்ந்தார். ஒரே அணியில் ஆடியவர்களிடையே சாதி தாண்டிய நட்பு கூடியது. எதிரணியாக மோதியவர்களிடையே பழக்கம் பொதுவாகக் குறையவே செய்தது. ஆகவே குழுக்களுக்கு இடையே போட்டி வைத்துப் பரிசு கொடுக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள், அதிலும் கபடிப் போட்டியில் ஊர்வாரியாக அணி பிரிப்பதை அடியோடு நிறுத்துங்கள்.

கேள்வி: என் மகனுக்கு வயது பதினொன்று. தான் என்ன சாதி என்றே அவனுக்குத் தெரியாது. பள்ளியில் சாதி வேற்றுமையைப் பற்றிப் பேசி, இல்லாத நினைப்பை ஏன் உண்டாக்க வேண்டும்?
– ஒரு தந்தை, சென்னை

பதில்: உங்கள் மகனுக்குத் தெரியாமல் இருப்பது அவனுக்குக் கிடைத்த வசதி. அவன் வகுப்பிலேயே அது தெரியாமல் இருக்க முடியாத பிள்ளைகள் இருப்பார்கள். தெரு முனையிலும், குடிதண்ணீர்க் குழாயடியிலும், வாடகைக்கு வீடு கேட்ட இடத்திலும் அவர்களுக்குப் பிறர் அதைச் சொல்லித்தந்திருப்பார்கள்.

ஆனாலும் உங்கள் அச்சத்தை நான் புறந்தள்ளமாட்டேன். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசத்தில் ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்களைக் காகிதத்தில் வழி கண்டுபிடிக்கும் புதிர்களைப் போடச் சொன்னார்கள். சாதியைச் சொல்லாத குழுக்களில் உயர்சாதிச் சிறுவர்களும் ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் புதிர்களை விடுவித்தார்கள். ஒவ்வொருவரின் சாதியையும் எல்லோர் முன்னிலையிலும் அறிவித்த வேறு குழுக்களில், ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் விடுவித்த எண்ணிக்கை குறைவாக இருந்தது. சிறுவர்களும் அத்தகையவர்களே, புதிர்களும் அத்தகையவையே. வேறுபட்டது அந்த அறிவிப்பு ஒன்றுதான்.

இதைப் படித்தபோது எனக்கு உடல் கூசியது. முப்பது ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவன் நான். கல்வி உதவித்தொகைப் படிவம் வந்த நாள்களில் ‘எஸ்.சி. பசங்க மட்டும் எழுந்து நில்லுங்க’ என்று வகுப்பில் உரக்கச் சொன்னவன். தலைகளை எண்ணும் அவசரத்தில் சொன்னதுதான், வேறு எண்ணம் இல்லை. எழுந்து நின்றவர்களுக்கு அந்த வேறுபாடு தெரிந்திருக்காது. உதவித்தொகை போன்ற செய்திகளை மாணவரைத் தனியே அழைத்துச் சொல்ல வேண்டும், வருகைப் பதிவேட்டில் சாதி பற்றிய குறிப்பே இருக்கக் கூடாது என்று சந்துரு குழு சொன்னது என்னைப் போன்றவர்களுக்காகத்தான்.

ஆகவே சாதி என்ற ஏற்பாடு எப்படி வந்தது, யார் அதை எதிர்த்தார்கள், சட்டம் என்ன சொல்கிறது என்று கற்பிப்பது வேறு; உட்கார்ந்திருக்கும் பிள்ளையைச் சுட்டி அவனுடைய சாதியைப் பேசுவது வேறு. முன்னதை உங்கள் மகன் அறிந்துகொள்ளட்டும். பின்னது நடந்தால் பள்ளிக்குப் போய்க் கேளுங்கள், நானும் உங்கள் பக்கம்தான்.

கேள்வி: கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி எங்கள் மகளின் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளைச் சேர்த்திருக்கிறார்கள். வாயைத் திறந்து சொன்னால் தவறாக நினைப்பார்கள். இருந்தாலும் கேட்கிறேன், இதனால் அவளுடைய படிப்பு கெடாதா?
– ஒரு தாய், கோயம்புத்தூர்

பதில்: கேட்டது நல்லது, மனத்துக்குள் வைத்துக்கொள்வதுதான் தீங்கு. தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடத்தை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கச் சொல்லும் அந்தச் சட்டம் 2009இல் வந்தது. தில்லியில் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே அத்தகைய ஒதுக்கீடு பல பெரிய பள்ளிகளில் நடைமுறைக்கு வந்ததால், பொருளியலாளர் கௌதம் ராவ் அதன் விளைவை ஆராய முடிந்தது. ஏழைப் பிள்ளைகளோடு படித்த வசதியான வீட்டுப் பிள்ளைகள் பிறருக்கு உதவுவதிலும் பகிர்வதிலும் முன்னே நின்றார்கள். தொடர் ஓட்டத்துக்குக் கூட்டாளியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, வேகமாக ஓடுகிற ஏழை மாணவனை ஒதுக்குவது அவர்களிடம் குறைவாக இருந்தது. மறைக்காமல் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்: ஆங்கில மதிப்பெண் சற்றே குறைந்தது, கணிதத்திலும் ஹிந்தியிலும் பாதிப்பில்லை, வகுப்பில் ஒழுங்கீனம் கொஞ்சம் கூடியது. சில பள்ளிகளில் படிப்புக் குழுக்களைப் பெயரின் அகரவரிசைப்படி பிரித்திருந்தார்கள். தற்செயலாக ஏழைத் தோழர்களோடு ஒரே குழுவில் விழுந்தவர்களிடம் மாற்றம் தெளிவாகத் தெரிந்தது. அந்தப் பிள்ளைகளை மாலைநேர வகுப்பு என்று தனியே ஒதுக்கி வைக்கும் பள்ளியாக இருந்தால் இந்தப் பயன் எதுவும் கிட்டாது. உங்கள் பள்ளி எந்த வகை என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: பிள்ளைகளைக் கண்ணின் நிறத்தால் பிரித்து நடத்திய புகழ்பெற்ற அமெரிக்கப் பயிற்சியைப் பற்றி வகுப்பில் கேட்டோம். கற்பித்தல் பயிற்சியின்போது நானும் அதை நடத்திப் பார்க்கலாமா?
– பி.எட். மாணவர், மதுரை

பதில்: வேண்டாம். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், 1968 ஏப்ரலில், அயோவா மாநிலத்து ரைஸ்வில் என்ற சிற்றூரில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை தம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அதை நடத்தினார்; ஒரு கண் நிறத்தாரை உயர்ந்தவர்களாகவும் மற்றவர்களைத் தாழ்ந்தவர்களாகவும் நடத்தினார். அவர்கள் அனைவரும் வெள்ளையர். அடுத்த வகுப்பு நாளில் உயர்வு தாழ்வை மாற்றி, விளையாட்டு முடிந்தது என்று சொல்லிவிடவும் முடிந்தது. நீங்கள் நிற்கப்போகும் வகுப்பில் ஏற்கெனவே உண்மையாகத் தாழ்த்தப்பட்ட பிள்ளை உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு அது விளையாட்டாக இராது, மாலையில் முடிந்தும் போகாது. சில வாரப் பயிற்சிக்கு வந்துவிட்டுக் காயத்தைக் கிளறிப் போகும் உரிமை நமக்கு இல்லை.

கேள்வி: எங்கள் நடுநிலைப் பள்ளியில் பனியன் தொழிலுக்கு வந்த பீகார், ஒடிசா குடும்பத்துப் பிள்ளைகள் பலர் படிக்கிறார்கள். ஆறாம் வகுப்புக்குப் புதிதாக வந்த ஒடிசாச் சிறுமியை எல்லோரும் ‘ஏய் வடக்கச்சி’ என்றே கூப்பிடுகிறார்கள். அவள் வகுப்பில் வாயே திறப்பதில்லை. பிற மாநிலக் கலாச்சார விழா ஒன்று நடத்தலாம் என்று இருக்கிறேன், சரியா?
– ஆசிரியர், திருப்பூர்

பதில்: விழா நடத்துவதில் தவறில்லை, ஆனால் அன்றைக்கு அவளுக்குப் பட்டுப்புடவை கட்டி மேடையேற்றி, ஆடத் தெரியாத ஒடிசி நடனத்தை ஆடச் சொல்லிவிட்டு, மறுநாள் அவள் மீண்டும் ‘வடக்கச்சி’யாகவே இருந்தால், வேற்றாள் என்ற முத்திரையை நாமே அழுத்திக் குத்தியதாகும். முதலில் அவள் பெயரை அவளிடமே கேட்டுச் சரியாக உச்சரிக்கப் பழகுங்கள். ஆசிரியர் அறையிலும் ‘அந்த ஹிந்திக்காரப் பிள்ளை’ என்ற பேச்சு இருக்கும். ஒடிசாக்காரர்களின் தாய்மொழி ஒடியா என்று உங்கள் சக ஆசிரியர்களுக்குச் சொல்லுங்கள்.

‘வடக்கன்’ என்று கூப்பிடும் பிள்ளைகளுக்குத் தமிழரின் கதையையே சொல்லலாம். 1966இல் சிவசேனை தோன்றியபின் மும்பையில் தென்னிந்தியர் எல்லோரும் ‘மதராசி’ என்ற ஒரே ஏச்சில் அடக்கப்பட்டார்கள், கடைகள் தாக்கப்பட்டன, வேட்டி லுங்கி கட்டுவதே கேலிக்குரியதானது. இலங்கை மலையகத் தமிழரைக் ‘கள்ளத்தோணி’ என்றார்கள். பிழைப்புக்குப் போன இடத்தில் நம் தாத்தாக்கள் கேட்ட சொற்கள் இவை. அதே மும்பையில் மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளையும் நடத்தி வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், கதை முழுமையாகும்.

அவள் வாய் திறப்பதற்கு, மேலே திருநெல்வேலி ஆசிரியைக்குச் சொன்ன ஜிக்சா முறையே உதவும். ஆஸ்டினில் நடந்ததாக ஆரன்சன் விவரிக்கும் நிகழ்ச்சி உங்கள் வகுப்புக்கு அப்படியே பொருந்துகிறது. பாடம், ஜோசப் புலிட்சரின் வாழ்க்கை. ஆங்கிலம் சரளமாக வராத மெக்சிகோ வழிச் சிறுவன் ஒருவன் தன் பகுதியைச் சொல்லத் திணறினான். குழுவினர் கேலி செய்தார்கள். அங்கிருந்த ஆரன்சனின் ஆய்வு உதவியாளர் யாரையும் திட்டவில்லை. கேலி செய்தால் புலிட்சரின் வாழ்க்கையில் அந்தப் பகுதி உங்களுக்குத் தெரியாமலே போகும், சற்று நேரத்தில் தேர்வு இருக்கிறது என்று மட்டும் நினைவூட்டினார். சில நாள்களில் அந்தப் பிள்ளைகள் அவனிடம் எப்படிக் கேட்டால் விடை வரும் என்று கற்றுக்கொண்டார்கள். இணக்கமாகக் கேட்கக் கேட்க அவனுக்கும் பேச்சு வந்தது, அவன் தாங்கள் நினைத்ததைவிடக் கெட்டிக்காரன் என்றும் கண்டுகொண்டார்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். அவளுக்கு உரிய துண்டை முதல் நாள் மாலையே சிறு சிறு தமிழ் வாக்கியங்களாக எழுதிக் கொடுத்துவிடுங்கள். படமோ வரைபடமோ உள்ள பகுதியாகப் பார்த்துக் கொடுத்தால் கைகாட்டியும் விளக்க முடியும். மற்றவர்களைப் போலவே அவளும் தன் துண்டோடு தயாராக வரட்டும்.