உரைகல்: அந்தப் பெட்டிகள் யாருடையவை?

சென்ற இதழில் 'கிங் ஒஃப் தீவ்ஸ்' என்ற ஆங்கிலப் படத்தைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். லண்டனில் நகைக்கடைகள் நிறைந்த ஹற்றன் கார்டன் தெருவில், 2015 ஏப்ரலில், ஈஸ்டர் விடுமுறையைப் பார்த்து, வயதான திருடர்கள் சிலர் பாதுகாப்புப் பெட்டக நிலையம் ஒன்றின் சுவரைத் துளைத்துக் கொள்ளையடித்தார்கள். அந்த உண்மைச் சம்பவம்தான் கதை. ஜேம்ஸ் மார்ஷ் இயக்கி 2018இல் வந்த படம். படத்தைத் தேடிப் பார்த்துவிட்டு இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. இந்த மாதம் முழுப் பக்கமும் அந்தக் கடிதங்களுக்கே.

கிளிநொச்சியிலிருந்து ஓர் இளைஞர்: அண்ணை, அறுபது, எழுபது வயது மனிசர் இப்படி ஒரு வேலையைச் செய்து முடித்ததைப் பார்க்க எனக்குப் புல்லரித்தது. நாங்கள் நண்பர்கள் ஆறு பேரும் இரண்டு தரம் பார்த்தோம். நீங்கள் மட்டும் ஏன் மனம் நிறையவில்லை என்று எழுதினீர்கள்?

தம்பி, வேலையைப் பார்த்து நானும் வியந்தேன். முப்பது வருசமாக நகைப் பட்டறையில் இருந்தவன், கைவேலை எதுவென்றாலும் கண் அங்கே போய்விடும். சுவர் 50 சென்ரிமீற்றர் தடிப்பான கொங்கிறீற். வைரப்பல் வைத்த மெஷினால் ஒன்றையொன்று தொட்டபடி மூன்று துளை. 45 சென்ரிமீற்றர் அகலம், 25 சென்ரிமீற்றர் உயரம். மெலிந்த ஆள்தான் அதற்குள்ளால் புகலாம். முதல் இரவு, உள்ளே நின்ற இரும்பு அலுமாரியைத் தள்ளுவதற்கான பம்ப் உடைந்துபோக, வெறுங்கையோடு திரும்பினார்கள். பிறகு புதுப் பம்ப் வாங்கிக்கொண்டு மறுபடி வந்தார்கள். மைக்கல் கெய்ன் நடித்திருக்கிறாரே, பிறயன் றீடர், அந்த 76 வயதுக்காரர் மட்டும் இரண்டாம் தரம் வரவில்லை. அலாரம் அடித்தும் பொலிஸ் வரவில்லை. காவலாளி ஒருவர் வந்து வெளியே நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். இதெல்லாம் அப்படியே நடந்தது.

சரி, இனி நான் கேட்கிறேன். 73 பெட்டிகளை உடைத்தார்கள். படத்தில் பெட்டிக்காரர் ஒருவருடைய முகமாவது உனக்கு நினைவிருக்கிறதா? எனக்கு இல்லை. கிழவர்களின் மருந்து, முழங்கால் வலி, பழைய கோபம் எல்லாம் தெரிகிறது. பெட்டிக்குள் கைவிட்டு அள்ளும்போது அது யாருடையது என்று கமரா ஒரு நிமிடம்கூட நின்று பார்க்கவில்லை. என் மனக்குறை அவ்வளவுதான்.

மல்லாவியிலிருந்து ஓர் ஆசிரியை: கொள்ளை முடிந்ததும் படமும் முடிந்திருக்கலாம். பிற்பாதி முழுவதும் ஒரே சண்டை. இழுவை என்பது என் அபிப்பிராயம்.

ரீச்சர், உங்களைப் போல எழுதியவர்கள்தான் அதிகம். எனக்கோ பிற்பாதிதான் உண்மையாகப் பட்டது. தங்கத்தைப் பங்கு பிரிக்கிற இடத்தில் மனிதர் எப்படி மாறுவார்கள் என்பதைப் பட்டறையில் இருந்து பார்த்தவன் நான். தாய் விட்டுப்போன அட்டியலை நாலாக வெட்டித் தரச் சொல்லி நான்கு சகோதரிகள் வந்து நின்றிருக்கிறார்கள். ஜிம் புறோட்பென்ற் என்ற நடிகரின் சாந்தமான முகம் பயங்கரமாக மாறுகிற காட்சியை மறுபடி ஒருக்கால் பாருங்கள்.

நிஜத்திலும் அவர்களைக் காட்டிக்கொடுத்தது வாய்தான். பொலிஸ் அவர்களுடைய கார்களில் ஒட்டுக்கேட்கும் கருவி வைத்திருந்தது. செய்த வேலையைப் பற்றி அவர்களே பெருமையாகப் பேசினார்கள், ஆளையாள் திட்டினார்கள், எல்லாம் பதிவானது. டனி ஜோன்ஸ் என்பவர் தன் பங்கை எட்மன்ரன் மயானத்தில் ஒளித்திருந்தார். பிடிபட்ட பிறகு பொலிஸை அங்கே கூட்டிப்போய்ச் சின்னப் பொதியை மட்டும் காட்டினார். பெரிய பொதியைப் பொலிஸ் அதற்கு முன்பே எடுத்திருந்தது.

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு வாசகர்: அது பணக்காரரின் சொத்துத்தானே? காப்புறுதி கொடுத்திருக்கும். யாருக்கு நட்டம்?

இந்தக் கேள்வியை நீங்கள் மட்டும் கேட்கவில்லை, கடிதங்களில் பாதி இதைத்தான் சொல்கின்றன. அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அந்தப் பெட்டிகளை வைத்திருந்தவர்களில் பலர் சிறு நகை வியாபாரிகள், கல் தரகர்கள், தொழிலை விட்டு ஓய்ந்தவர்கள். காப்புறுதி எடுக்காதவர்களும் அவர்களில் இருந்தார்கள். எங்கள் தொழிலில் ஓய்வூதியம் கிடையாது. கடையை மூடுகிற நாளில் மிஞ்சுகிற கல்லும் தங்கமும்தான் கடைசிக்காலச் சோறு. அதைத்தான் நம்பிக்கையான இடம் என்று அங்கே பூட்டி வைத்தார்கள். போனது சுமார் 14 மில்லியன் பவுண்ட்ஸ் பெறுமதி என்று கணக்கு. பாதிக்கும் மேலே இன்னும் மீளவில்லை. திருடர்களில் பெரும்பாலானவர்களுக்கு 2016இல் தண்டனை கிடைத்தது. தண்டனை கிடைத்தால் பெட்டி நிறையுமா?

வன்னியில் இருந்துகொண்டு 'யாருக்கு நட்டம்' என்று நாங்கள் கேட்கக்கூடாது. எங்களுக்கு நகை ஆடம்பரமா? தாலிக்கொடியை அடைவு வைத்துத்தானே விதைநெல் வாங்கினோம். பிள்ளையின் படிப்புக்குக் காப்பு, கிணறு வெட்டச் சங்கிலி. யுத்தத்தின் கடைசிக் காலத்தில் ஒரு மோதிரத்தைக் கொடுத்து அரிசி வாங்கிய வீடுகள் எத்தனை. கழற்றிக் கொடுத்த அந்தக் கை எப்படி நடுங்கியது என்று நான் கண்டிருக்கிறேன்.

வவுனியாவிலிருந்து ஒரு மாணவி: உருக்கிய தங்கம் யாருடையது என்று கண்டுபிடிக்க முடியுமா?

முடியாது, தங்கச்சி. உருக்கினால் முத்திரை போச்சு, வேலைப்பாடு போச்சு. 1983இல் ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பிறிங்ஸ்-மற் களஞ்சியத்தில் மூன்று தொன் தங்கக் கட்டிகள் கொள்ளை போயின. அந்தத் தங்கத்தைக் கைமாற்றிய வழக்கில் சிறை போனவர்களில் இதே பிறயன் றீடரும் ஒருவர். சுத்தத் தங்கமாக வித்தால் சந்தேகம் வரும் என்று செப்புக் காசுகளைப் போட்டு உருக்கித் தரத்தைக் குறைத்தார்கள். செப்புச் சேர்த்தால் நிறம் சிவக்கும், மாற்று, அதாவது தங்கத்தின் தரம், குறையும். அதற்குப் பிறகு உரைகல் மாற்றைச் சொல்லும், சொந்தக்காரரைச் சொல்லாது.

விசுவமடுவிலிருந்து ஒரு தாய்: ஐயா, 2009இல் வளவில் புதைத்துவிட்டுப் போன பதினொரு பவுண் கொடி, திரும்பி வந்தபோது இல்லை. படம் பார்த்த அன்று முழுக்க அதே நினைப்பு. பொலிஸிடம் நகைகள் ஒப்படைக்கப்பட்டதாகச் செய்தி வந்ததே, அதில் இருந்தால் என்னுடையது என்று எப்படிச் சொல்வது?

அம்மா, உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். யுத்தக் காலத்தில் கிடைத்த நகைகளில் ஒரு தொகுதியை இராணுவம் 2025 மே மாதம் பொலிஸிடம் கையளித்தது உண்மை. உங்கள் கொடி அதில் இருக்கிறதோ இல்லையோ, இன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்: தாலி பிள்ளையார் தாலியா, அம்மன் தாலியா, பக்கத்தில் எத்தனை காசு, கொழுக்கி எப்படி, எங்கே ஒட்டுப்போட்டது, எந்தப் பத்தர் செய்தது. உங்கள் கலியாணப் படம் வெளிநாட்டு உறவினர் யாரிடமாவது இருக்கும், கேளுங்கள். ஒரு நகைக்கு அதன் தேய்மானமும் சாட்சி.

இதை நம்பிக்கையோடு எழுதக் காரணம் இருக்கிறது. 2008 கடைசியில் கிளிநொச்சியில் பட்டறையைப் பூட்டும்போது மூன்று பேருடைய நகை என் கையில் இருந்தது. வேட்டியைக் கிழித்து மூன்று பொட்டலமாக முடிந்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடினேன். ஒன்றைச் செட்டிகுளம் முகாமில் கம்பிவேலிக்குப் பக்கத்தில் வைத்துக் கொடுத்தேன். இரண்டாவதை மாங்குளத்தில் உரியவரின் தம்பியிடம் சேர்த்தேன். அவர் நகையைப் பார்த்த உடனே தமக்கை பல்லால் கடித்து வளைத்த கொழுக்கியைத் தொட்டுக் காட்டினார்.

மூன்றாவது பொட்டலம் இன்னும் என்னிடம் இருக்கிறது. பேர் எழுதிய துண்டு மாத்தளன் பக்கம் மழையில் கரைந்துவிட்டது. ஒரு சோடிக் குழந்தைக் காப்பும், பிள்ளையின் முப்பத்தோராம் நாளுக்குப் போட்ட, ஐந்து குட்டி ஆயுதங்கள் கோத்த ஒரு பஞ்சாயுதமும். அதில் ஓர் ஆயுதம் வளைந்திருந்தது, அதை நிமிர்த்தித் தரச் சொல்லித்தான் தந்தார்கள். நிமிர்த்திவிட்டேன். எந்த ஆயுதம் என்று இங்கே எழுதமாட்டேன். தந்தவர் இதை வாசித்தால், அதை மட்டும் ஒரு துண்டில் எழுதி இந்தப் பத்திரிகைக்கு அனுப்பட்டும்.